ஆறுதல் பரிசு

"சிவப்பு மருந்து மொத்தம் எத்தனை தடவை?"
போன தவணையில் டாக்டர் தியோ கேட்டார்.
பேனா என் பெயருக்குக் கீழே காத்து நின்றது.

இருபத்தாறு வருஷம் ஆச்சு டாக்டர்.
பழைய கோப்பு கரையான் தின்றதாம்,
இல்லை, சட்டப்படி கிழித்தார்களாம்;
பதிவறைக் கவுண்டரில் ஆளுக்கொரு பதில்.
எனக்கு நிறம் மட்டும் நினைவிருக்கிறது.
ஊசி இறங்கிய அன்று சிறுநீரும் அதே நிறம்.
இன்றுவரை கல்யாண வீட்டில்
சிராப் தண்ணீரைத் தொட்டதில்லை நான்.

கட்டியைக் கரைத்த மருந்து
இதயத் தசையிலும் ஒரு கணக்கு வைத்திருக்குமாம்.
அதனால்தான் எண் வேண்டும் என்றார்.

ரைபிள் ரேஞ்ச், பதினான்காம் மாடி.
லிஃப்ட் கெட்ட வாரம்
ஒன்பதிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
மீன் பையில் ஐஸ் உருகிப் படியில் சொட்டியது.
"வயசாகுதுல்ல" என்றாள் ஜெயமணி.
எனக்கு நாற்பத்தைந்து.
அறுபதில் அவள் பூப்பந்து ஆடுகிறாள்.

இன்று எக்கோ அறை.
கக் நோராய்னி இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்கிறாள்.
குளிர்ந்த கூழ். மார்பில் மூன்று நீலப் புள்ளிகள்,
கதிர் பாய்ச்ச அளவெடுத்தவர்கள் குத்திய பச்சை.
"தஹான் நஃபாஸ், புவான்."
அடக்குகிறேன்.
திரையில் ஒரு வாய்
திறந்து மூடுகிறது, திறந்து மூடுகிறது,
சொல்ல வந்ததைச் சொல்லாமல்.
அவள் முகத்தைப் படிக்கப் பார்க்கிறேன்.
அது வேலைக்கென்று வைத்திருக்கும் முகம்.

அந்த முகம் எனக்கும் உண்டு.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பதினெட்டு வருஷமாய் நுண்நோக்கிக்கு இந்தப் பக்கம் நான்.
எல்லாச் சோதனையும் தேறிப்போன பலகை
எட்டாம் வருஷம் எவர் வீட்டிலோ நின்றுபோகும்.
நிற்கலாம் என்று தெரிந்துதான்
தேதியும் எண்ணும் பொறித்து அனுப்புகிறோம்.
எனக்கு யாரும் பொறிக்கவில்லை
என்றுதான் நினைத்திருந்தேன்.

குணாளன் அண்ணன், லோரி ஓட்டி.
பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி
என்னை இறக்கிவிட்டு,
உள்ளே எனக்குச் சொட்டுச் சொட்டாய் ஏறும் நேரம்
வெளியே போய் நம்பர் எழுதுவான்.
முன்னால் என் வயது,
பின்னால் அன்றைய வரிசைச் சீட்டு.
1934. 1908. 1961.

நேற்று அண்ணி பிஸ்கட் டின்னைத் திறந்து தந்தாள்.
உள்ளே குட்டி 555 நோட்டு, டீசல் வாடையோடு.
(அவன் இதயம் போன தைப்பூசத்துக்கு மறுநாள்
ஒரு சோதனைக்கும் போகாமலே நின்றது.)
பக்கத்தின் நடுவில் எனக்கு இருபதாகிறது: 2017.
வாந்தியோடு போன பிறந்தநாள்;
நானே மறந்தது அவன் கணக்கில் இருக்கிறது.
எண்ணினேன். பன்னிரண்டு.
ஒன்றன் பக்கத்தில் பென்சிலில்:
"ரத்தம் பத்தல, திருப்பி அனுப்பிட்டாங்க."
அந்த நம்பரையும் விடாமல் கட்டியிருக்கிறான்.

"பதினொன்று டாக்டர்."
எழுதிக்கொள்கிறார்.
"பன்னிரண்டானாலும் இதே பட்டியல்தான்,"
கொஞ்சம் சங்கடமாய்ச் சிரிக்கிறார்.
வருஷா வருஷம் எக்கோ, மார்பகப் படம், ரத்தம்.
தைராய்டு மாத்திரை தொடரட்டும்
(அதை விழுங்கி அரைமணி நேரம்
கோப்பியை முகர மட்டும் செய்கிறேன், தினமும்).
இதயம் ஐம்பத்திரண்டு. லேசான தளர்ச்சி.
இரவுக்கு இன்னொரு சின்ன மாத்திரை.
"பயப்பட வேண்டாம் புவான். வராமலும் இருக்க வேண்டாம்."

எட்டாவது நம்பர் விழுந்திருந்தது.
அண்ணன் கோணல் எழுத்தில்:
"ஆறுதல், அறுபது வெள்ளி.
தங்கச்சிக்குத் தொப்பி 8.90. மீதி டீசல்."
மொட்டைத் தலைக்கு அந்த மஞ்சள் தொப்பி
எங்கிருந்து வந்ததென்று
நான் கேட்கவேயில்லை.

மருந்துக் கவுண்டர் சீட்டு நீட்டுகிறது: 16.
நான் நம்பர் எழுதுகிறவள் இல்லை.
ஆனாலும் நோட்டில் ஒரு வரி மீதம் இருந்தது.
4516.
பக்கத்தில், அடுத்த எக்கோ தேதி.